வெள்ளைக்கார ஆச்சியின் சாவிக்கொத்து

செந்தில், இதை எழுதுவது உன் அப்பாதான். யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல எழுதி வாங்கியது இல்லை. எழுத்தின் கோணலைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். காலையில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால், வெயில் முற்றத்தின் நடுவுக்கு வருவதற்குள் நாலைந்து பத்திதான் முடிகிறது. ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டுத் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்துக்கொள்கிறேன். நான் போட்டது நிற்கிறதே என்று ஒரு சந்தோசம். உன் அம்மா அடுப்படியிலிருந்தே கேலி பண்ணுகிறாள். "என்னத்தப் பெரிய எழுத்து. போன்ல கூப்பிட்டுச் சொன்னா ஒரு நிமிசத்துல முடிஞ்சு போகும்" என்றாள். "அவன் எடுத்தாத்தானடி" என்றேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் கொஞ்சம் கூடியது.

நீ போனை எடுக்காததால்தான் எனக்கு இந்தக் கடிதம் வாய்த்தது. நான் எழுத்துப் படிக்கப் போகும் மாலை வகுப்பில் டீச்சர், "யாருக்காவது ஒரு கடுதாசி எழுதிப் பாருங்கய்யா" என்று சொன்னபோது, யாருக்கு எழுதுவது, எல்லோரும் பக்கத்திலேயே இருக்கிறார்களே என்று நினைத்தேன். இப்போது ஆள் கிடைத்துவிட்டது. ஆனால் நாள் அதிகம் இல்லை, வெள்ளிக்கிழமை நெருங்கி வருகிறது. எழுதி முடித்ததும், உன் சிநேகிதன் ரபீக் காரைக்குடிக்குத் தன் செல்போன் கடையைத் திறக்கப் போகும்போது இதைக் கொண்டுவந்து உன் கையில் கொடுப்பான். நீ அவன் அறையில்தான் தங்கியிருக்கிறாய் என்று அவன் சொல்லவில்லை. நான் கேட்டபோது தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான், அதில் தெரிந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை காலையில் அந்த இங்கிலீஷ் அம்மா பெரிய வீட்டுக்கு மறுபடியும் வருகிறார். நீ வந்து அவர் முன்னால் நின்று உள்ளதைச் சொல்ல வேண்டும். வராவிட்டால் ஹாலில் இருக்கும் படம் இறங்கும், உன் வேலையும் போகும். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆனால் இதை மட்டும் சொன்னால் நீ வர மாட்டாய். அதனால் மற்றதையும் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. நானும் பொறுமையாகத்தான் எழுதுகிறேன்.

நான் அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தபோதே படம் அங்கே இருந்தது. பர்மாவில் தொழில் பண்ணிய பெரிய செட்டியார், சீமையில் ஒரு பிரபு வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வருகின்றன என்று கேள்விப்பட்டு, ஆள் வைத்து ஒரு பங்கை மொத்தமாக எடுத்தார் என்று சொல்வார்கள். அவை கப்பலேறி, பிறகு மாட்டுவண்டியேறி வலையபட்டிக்கு வந்து இறங்கின. தொங்கும் விளக்கு, ஆள் உயரக் கண்ணாடி, பிடியில் கொக்கு செதுக்கிய வெள்ளிக் கரண்டிகள், அந்தக் கரண்டிகள் இருந்த பித்தளைத் தகடு பதித்த மரப்பெட்டி, எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் படம். கறுப்பு கவுன், வெள்ளைத் தொப்பி, இறுக்கமான வாய், மடியில் மடித்து வைத்த கை. இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து. யார் என்பதற்கு ஓர் எழுத்துகூடக் கிடையாது. இருந்தாலும் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் பெட்டகச் சாவியும் உக்கிராணச் சாவியும் ஆச்சியின் இடுப்பில்தான் இருக்கும். அதை மருமகள் கையில் கொடுப்பதற்கு மாமியார்கள் எவ்வளவு யோசிப்பார்கள் என்று நீயே பார்த்திருக்கிறாய். சாவிக்கொத்தோடு உட்கார்ந்து படம் எழுதிக்கொண்ட அம்மா, அந்தப் பிரபு வீட்டுக்கு ஆச்சியாக இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும். அதனால் வெள்ளைக்கார ஆச்சி என்று பேர் வைத்து, வீட்டு முன்னோர்களின் படவரிசையில் கடைசியாக மாட்டினார்கள். வருசா வருசம் முன்னோர்களுக்குத் துணி வைத்துப் படைக்கும் நாளில் எல்லாப் படத்துக்கும் சந்தனமும் மாலையும் வைக்கும்போது, "அவுகளுக்கு மட்டும் விட்டுப்போனா மனசு சங்கடப்படாதா" என்று அந்தக் காலத்து ஆச்சி இதற்கும் ஒரு பொட்டு வைத்தார். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. அவருடைய மருமகள்தான் இப்போது வீட்டை ஹோட்டலாக்கி நடத்தும் மெய்யம்மை ஆச்சி. அவரும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. படைப்புச் சேலையில் ஒன்று வெள்ளைக்கார ஆச்சியின் முன்னாலும் இருக்கும்.

மெய்யம்மை ஆச்சி குடும்பத்தோடு சென்னையில் இருந்த வருசங்களில் அந்த வீட்டில் சாவிக்கொத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் மட்டும்தான். நீ பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கே வந்துவிடுவாய். நான் ஏணியில் நின்று படங்களைத் துடைப்பேன், நீ கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன் என்ற பேரில் ஆட்டுவாய். அந்த நேரத்தில்தான் நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பிரபு வம்சத்தையே கட்டினோம். கரண்டியில் கொக்கு இருந்ததால் புருசனுக்குக் கொக்கு மகாராசா என்று பேர் வைத்தோம். அவருக்கு மூன்று மகன்கள். மூத்தவன் அத்தனை கரண்டியையும் வைத்துக்கொண்டு ஒரே ஆளாகச் சாப்பிடுவான். இரண்டாவது மகன் நல்லவன், வீட்டை இந்த ஊர்ப் பங்காளிகள் மாதிரி எல்லோருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டான். மூன்றாவது மகன் கப்பலேறிப் போய்விட்டான், என்றைக்காவது அம்மாவைத் தேடிக்கொண்டு இங்கே வருவான். "இன்னைக்கு வந்துட்டாரா?" என்று நீ தினமும் கேட்பாய். "கப்பல் இப்பத்தான் கொழும்பு தாண்டியிருக்கு" என்பேன். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அது விளையாட்டு என்று. ஒரு நாள் நீயே என்னிடம், "அப்பா, மூத்தவருக்கு மீசை வைப்பமா" என்று கேட்டாய். வைத்தோம். இதைப் பற்றி எனக்கு இன்றைக்கும் வெட்கம் இல்லை. மகனுக்கு வாங்கிக் கொடுக்க ஒன்றும் இல்லாத காலத்தில் ஒரு வம்சத்தையே கொடுத்தேன் என்று நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

பிறகு நீ ஹோட்டல் படிப்புப் படித்தாய், இங்கிலீஷ் பேசினாய், பெட்டியின் பித்தளைத் தகட்டைத் துடைத்து அதில் இருந்த வீட்டுப் பெயரை எனக்குப் படித்துக் காட்டினாய். தார்ன்மியர். கொக்கு மகாராசாவுக்கு ஊர் கிடைத்துவிட்டது என்று சிரித்தோம். ஆச்சி வீட்டை ஹோட்டலாக்கி உன்னை வேலைக்கு வைத்தார். வருகிறவர்களுக்கு நீ வீட்டைச் சுற்றிக் காட்டுவாய். அந்தப் படத்துக்கு முன்னால் வந்தால் அவர்கள் நகரவே மாட்டார்கள். அவ்வளவு நன்றாகச் சொல்வாய். மீசையை எடுத்துவிட்டாய், கரண்டிக் கதையை எடுத்துவிட்டாய், மகாராசாவைப் பிரபு ஆக்கினாய். அந்தச் சீமாட்டியே இந்த வீட்டில் வந்து தங்கி, பெரிய செட்டியாரிடம் தன் படத்தைக் கொடுத்துப் போனதாக ஒன்றைச் சேர்த்தாய். அது என்னுடையது இல்லை. ஆச்சிக்கு அது பிடித்துப்போய், தமிழிலும் இங்கிலீஷிலும் பலகை எழுதி மாட்டினார். மாடி அறைக்கு லேடி தார்ன்மியர் அறை என்று பேரும் வைத்தார்.

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கி, வகுப்புப் புத்தகத்துக்கு வெளியே முதலில் படித்து முடித்தது அந்தப் பலகையைத்தான். ஈரத்துணியோடு நின்று ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுப் படித்தேன். படிக்கப் படிக்க எங்கேயோ கேட்ட கதையாக இருக்கிறதே என்று பார்த்தால், நான் ஏணியில் நின்று சொன்னது. சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன், அறையிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை எட்டிப் பார்த்தது. என் பேச்சு எழுத்தாகிச் சுவரில் நிற்கிறது என்று அவ்வளவு பெருமை. துணியைப் பிழிந்து காயப் போடும்போதுதான் கை நின்றது. படிக்கத் தெரியாத வரைக்கும் எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். இனி இந்தப் பலகையைப் படிக்கிறவர்களும் அப்படித்தானே நம்புவார்கள். அன்று உன்னிடம் சொன்னேன். "செந்திலு, பலகைய எடுத்துருவமாடா" என்று கேட்டேன். "விடுங்கப்பா, சீமையிலருந்து யாரு வந்து சரி பாக்கப் போறா" என்றாய்.

வந்துவிட்டார். விருந்தாளி ஒருவர் உன் பேச்சைப் படம் பிடித்து ஊரெல்லாம் பார்க்கப் போட்டுவிட, அது சுற்றிச் சுற்றி அந்தத் தார்ன்மியர் வீட்டுக் கடைசி மகளிடமே போய்ச் சேர்ந்தது. எண்பதைத் தாண்டியவர், கையில் ஊன்றுகோல், கூட ஒரு டிரைவர் மட்டும். தன் குடும்பத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறார் என்றும், படத்தைப் பார்க்க வருகிறார் என்றும் ஆச்சி சொன்னபோது உன் முகத்தைப் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் அவர் பேசப் பேச நீ எனக்காகத் தமிழில் சொன்னாய். நான் தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வீட்டு முதல் பிரபு பிறக்கும்போது பிரபு இல்லையாம். ராசாவின் படைக்குக் கம்பளி விற்ற வியாபாரியாம், அதற்குப் பிறகுதான் பட்டமும் நிலமும் வந்ததாம். அதைக் கேட்டதும் ஆச்சிக்கு ஒரே குஷி. "அப்ப அவுகளும் யாவாரிகதான். நம்ம ஆளுக. அந்தம்மாவுக்கு இன்னொரு பணியாரம் வை செந்திலு" என்றார். எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய், ஆனால் பணியாரத் தட்டத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாய். வீடும் பட்டமும் மூத்த மகனுக்கு மட்டும்தானாம், இரண்டாவது மகன் பட்டாளத்துக்கு, மூன்றாவது மகன் கோயிலுக்கு, பாதிரியாராக. ஒரு தலைமுறையில் அண்ணனும் தம்பியும் ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டே சாகும் வரைக்கும் பேசாமல் இருந்தார்களாம், உப்பு வேண்டுமென்றால் வேலைக்காரனிடம்தான் கேட்பார்களாம். இன்னொரு பிரபுவுக்குப் பெண்கள் மட்டும். அவர் கண்ணை மூடியதும் பட்டமும் வீடும் எங்கோ இருந்த பங்காளிக்குப் போய்விட்டன, பெண்கள் கட்டின துணியோடு வெளியே வந்தார்கள். "ஏன், பங்காளி வீட்டுல ஒரு பிள்ளையக் கூட்டிக்கிட்டு இருக்கலாமே" என்று ஆச்சி என்னிடம் திரும்பித் தமிழில் கேட்டார். நீ இங்கிலீஷில் சொன்னாய். அந்த அம்மா தலையை ஆட்டினார். தத்தாகக் கூட்டிய பிள்ளைக்கு அங்கே பட்டம் கிடையாதாம், ரத்தம் மட்டும்தான் கணக்காம். "அப்படியும் ஒரு சட்டமா" என்று ஆச்சி வாயில் கை வைத்துக்கொண்டார்.

நம் கதையில் பங்கு பிரித்துக் கொடுத்த நல்ல இரண்டாவது மகன் போனான். கப்பலில் வரவேண்டிய மூன்றாவது மகன் போனான். அந்த அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நாம் கட்டிய வீட்டின் தூண்கள் ஒவ்வொன்றாகச் சரிவது எனக்குக் கேட்டது. கடைசியில் அவருடைய தாத்தாவின் கதை. பெரிய உலகச் சண்டையில் மூத்த மகன்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். வரி கட்ட முடியாமல் சாமான்களை ஏலம் விட்டார்கள், பிறகு கூரையை விற்றார்கள், பிறகு கல்லை விற்றார்கள். மிச்சம் இருந்த சின்ன மகன்தான் இந்த அம்மாவின் அப்பா. அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. அவரோடு பட்டம் முடிந்துவிட்டது. "இப்ப அந்த எடத்துல என்ன இருக்காம்?" என்று நான் கேட்டேன். நீ கேட்டுச் சொன்னாய். "புல்லு" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

ஹாலுக்குப் போனோம். அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். அன்றைக்குப் போட்ட கதம்ப மாலை இருந்தது, நெற்றியில் பொட்டு இருந்தது. வெகுநேரம் பார்த்தார். பிறகு பலகையைப் படித்தார். பிறகு மெதுவாக உன்னிடம் ஏதோ கேட்டார். நீ என் பக்கம் திரும்பினாய். உன் உதட்டைச் சுற்றி வேர்த்திருந்தது. "அப்பா, இவுகதான் அந்த வீட்டு எசமானின்னு யாரு சொன்னதுன்னு கேக்குறாக. உங்க தாத்தா காலத்துலருந்து அப்படித்தான் சொல்றாகன்னு நான் சொல்றேன், நீங்க ஆமான்னு தலைய மட்டும் ஆட்டிருங்கப்பா" என்றாய்.

அந்த அம்மா உன்னைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நான் சொன்னேன். "சாவி இருந்துச்சு தாயி. எங்க ஊர்ல சாவிக்கொத்து இடுப்புல இருந்தா அவுகதான் வீட்டுக்கு ஆச்சி. அதனால அப்படி நெனச்சுட்டாக. மத்ததெல்லாம் நானும் எம்மகனும் வெளையாட்டாக் கட்டுனது." சொல்லும்போது என் கை தானாக என் இடுப்புச் சாவியில் போயிருக்கிறது. நீ வேகமாக இங்கிலீஷில் சொன்னாய். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கிராண்ட்ஃபாதர் என்ற சொல் தெரியும், விருந்தாளிகள் என்னைக் காட்டித் தங்கள் பிள்ளைகளிடம் சொல்வது அது. நான் எந்தத் தாத்தாவைப் பற்றியும் பேசவில்லையே. ஆச்சி கான்வென்டில் படித்தவர் என்பதை அந்த நேரத்தில் நீ மறந்துவிட்டாய். "செந்திலு, உங்கப்பா சொன்னது ஒண்ணு, நீ சொல்றது ஒண்ணா இருக்கே" என்றார். நீ ஒருமுறை என்னைப் பார்த்தாய். சட்டையில் குத்தியிருந்த பேர் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாய். பின்கட்டு வழியாகப் போய்விட்டாய். மோட்டார் சைக்கிள் சத்தம் தெரு முனை வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இத்தனை நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் சொன்னதை ஆச்சி உள்ளபடி இங்கிலீஷில் சொன்னார். அந்த அம்மா என் பக்கத்தில் வந்து என் சாவிக்கொத்தைத் தொட்டார். படத்தில் இருக்கும் சாவிக்கொத்தைக் காட்டினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் சொன்னதை ஆச்சிதான் எனக்குத் தமிழில் சொன்னார். அவர்கள் ஊரில் பிரபுவின் மனைவி சாவியைத் தொடவே மாட்டாராம். சாவிக்கொத்து இடுப்பில் இருந்தால் அது வீட்டு வேலைகளைக் கவனிக்கிற அம்மாவாம், சம்பளத்துக்கு இருக்கிறவர். இவர் பேர் ஹன்னா. ஒரு பிரபுவின் மனைவி பிரசவத்தில் போய்ச் சேர்ந்தபோது, தாயில்லாத குழந்தைகளை இவர்தான் வளர்த்தாராம். குழந்தைகள் பெரியவர்களாகி, ஓவியனைக் கூப்பிட்டு இவரை எழுத வைத்தார்களாம். ஆனால் பெரிய ஹாலில் மாட்டவில்லை, வேலைக்காரர்கள் சாப்பிடும் அறைக்குப் போகிற நடையில் மாட்டினார்கள். ஏலத்தில் சமையல் பாத்திரங்களோடு சேர்த்துப் பேர் இல்லாமல் போய்விட்டாராம். அந்தக் குடும்பத்தில் இவரைப் பற்றிப் பேச்சு மட்டும் மிஞ்சியிருந்தது. படம் எரிந்துபோனது என்று நினைத்திருந்தார்களாம். "வேணும்னா எடுத்துக்கிட்டுப் போகட்டும்" என்று ஆச்சி சொன்னார். அந்த அம்மா வேண்டாம் என்றார். மாட்டுவதற்குத் தன்னிடம் சுவர் இல்லை என்றாராம். மதுரை, தஞ்சாவூர் எல்லாம் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை திரும்பி வந்து, தன் புத்தகத்துக்காகப் படம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். போகும்போது இன்னொன்றும் சொன்னார், ஆச்சி அதைச் சிரிக்காமல்தான் சொன்னார். "உங்க கதையில வர்ற ரெண்டாவது மகன் ரொம்ப நல்லவனாம். அவுக வம்சத்துல அப்படி ஒருத்தர்கூடப் பொறக்கலையாம். அதக் கட்டுன பையன அவுகளுக்குப் பாக்கணுமாம்."

அவர் கார் போனதும்தான் ஆச்சிக்குக் கோபம் வந்தது. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "எங்க மாமியாரும் நானும் இத்தன வருசமா ஒரு வேலைக்காரிக்கா சேல வச்சுப் படச்சோம்" என்றார். "ஊருக்குத் தெரிஞ்சா சிரிக்க மாட்டாகளா. ஏணியக் கொண்டாங்கண்ணே, இறக்கிருவோம். உள்ளே போட்டு வைங்க." நான் ஏணியைக் கொண்டு வரவில்லை. அந்த வீட்டில் நான் அதுவரைக்கும் எதற்கும் எதிர்த்துப் பேசியதில்லை. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, உன் பேர் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். "அப்ப இதையும் உள்ளே போட்டுருங்க ஆச்சி" என்றேன்.

"மிரட்டுறீகளா?"

"இல்ல ஆச்சி. கேக்குறேன். அந்தம்மா பாத்த வேலதான் நான் பாக்குறதும். அவுக ஹாலுல இருக்கக் கூடாதுன்னா நான் எங்குட்டு நிக்கணும்னு கேக்குறேன்."

ஆச்சி மேசையில் இருந்த சாவிக்கொத்தைப் பார்த்தார், மேலே படத்தைப் பார்த்தார். பிறகு அவர், "வெள்ளிக்கிழமை வரைக்கும் படம் இருக்கட்டும். ஒங்க மகன் வந்து, அந்தம்மா முன்னாடியும் இங்க தங்கியிருக்கவுக முன்னாடியும் நின்னு, இதுதான் உள்ளது, இது நாங்களாக் கட்டுனதுன்னு அவன் வாயால சொல்லட்டும். சொன்னான்னா படமும் இருக்கும், அவனும் இருக்கட்டும். வரலையா, ரெண்டும் இறங்கும்" என்றார். உள்ளே போனவர் திரும்பி நின்று, "மொதல்ல அந்தச் சாவிய எடுத்து இடுப்புல வைங்க. பாக்க நல்லாவா இருக்கு" என்றார்.

இப்போது நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். அப்பா ஒரு தலையை ஆட்டியிருந்தால் இதெல்லாம் இல்லையே என்று நினைப்பாய். மேனேஜராக்குவதாக ஆச்சி சொல்லியிருந்தவனை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துவிட்டாரே என்று நினைப்பாய். நானும் அதை யோசித்தேன். உனக்காக நான் தலையை ஆட்டியிருப்பேன், செந்தில். சாப்பாட்டு மேசையில் அந்த அம்மா பேசியதைக் கேட்காமல் இருந்திருந்தால் நிச்சயம் ஆட்டியிருப்பேன். வீடு புல்லாகிவிட்டது, பட்டம் போய்விட்டது, அண்ணன் தம்பி கிடையாது. அவரிடம் மிச்சம் இருப்பது நடந்த கதை ஒன்றுதான். அதைச் சரியாக எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று இந்த வயதில் கடல் தாண்டி வந்திருக்கிறார். அதிலும் நாம் கை வைக்கலாமா? கொக்கு மகாராசா நம் இரண்டு பேருக்குள் இருந்த வரைக்கும் யாருக்கும் நட்டமில்லை. ஏணியில் நின்று சொன்ன பேச்சை அப்போதே காற்று கொண்டுபோயிருக்கும். பலகையில் ஏறியதும் அது ஒருவருடைய பேரை எடுத்துவிட்டு அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. ஹன்னா என்று ஒருத்தி இருந்தாள். அவளை அவள் வீட்டார் நடையில் வைத்தார்கள், நாம் ஹாலில் வைத்தோம். ஆனால் நாம் வைத்தது அவளை இல்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ சொல்வதைக் கேட்டு அந்தப் படத்துக்கு முன்னால் பிள்ளைகள் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் திறமை உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அதே வாயால் இதையும் சொல். தாயில்லாத பிள்ளைகளை வளர்த்தவளின் கதை கொக்கு மகாராசா கதையைவிடக் குறைச்சலா என்ன. சாவியைப் பார்த்து ஒரு ஊரே ஏமாந்த கதையையும் சேர்த்துச் சொல், அதைக் கேட்டால் யாரும் உன்னைத் திட்ட மாட்டார்கள், சிரிப்பார்கள். முதல் வாக்கியம்தான் கஷ்டம். எனக்கும் இந்தக் கடிதத்தில் அதுதான் கஷ்டமாக இருந்தது, எழுதிய முதல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். உன் அம்மா இன்றைக்குக் காலையில் என் பின்னால் நின்று, "அவன் வருவானான்னு அதுல எழுதியிருக்கா?" என்று கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "இன்னும் எழுதலை" என்றேன். "அப்ப எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நேற்று ராத்திரி சாப்பிடாமல் விட்ட சோற்றையே இன்றைக்கும் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஒன்று செய்திருக்கிறேன். பழைய பலகையைக் கழற்றி, பின்பக்கம் வெள்ளை அடித்து, கறுப்புப் பெயிண்டால் நானே எழுதினேன். டீச்சரிடம்கூடக் காட்டவில்லை. இப்படி எழுதியிருக்கிறேன். இவர் பெயர் ஹன்னா. தார்ன்மியர் வீட்டின் சாவிகளை வைத்திருந்தவர். தாயில்லாத குழந்தைகளை வளர்த்தவர். சாவியைப் பார்த்து நாங்கள் இவரை வீட்டு எசமானி என்று நினைத்தோம். தெரிந்த பிறகும் இங்கேயே இருக்கிறார். காய வைத்திருந்தபோது ஆச்சி வந்து பார்த்தார். கடைசி வரியைக் காட்டி, "வெள்ளிக்கிழமை இன்னும் வரலையேண்ணே" என்றார். "வந்துரும் ஆச்சி" என்றேன். ஆச்சி மறுபடியும் பலகையைப் பார்த்தார். "எழுத்து பெருசு பெருசா இருக்கு. இங்கிலீசுக்கு எடம் பத்தாது" என்றார். "அவன் சுருக்கி எழுதுவான், அவனுக்குத் தெரியும்" என்றேன்.

கீழ்ப்பாதியை வெறுமையாக விட்டிருக்கிறேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. பெயிண்ட் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, காய்ந்துவிடாமல் மூடி வைத்திருக்கிறேன்.

அப்பா.